கயிற்றால் கட்டித் திறந்து வைத்த கேட்

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பது. மாடியறை ஜன்னலின் மறைப்பைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது, வாசலில் நின்ற ஒரு மனிதரின் வழுக்கைத் தலை. தொப்பியைக் கழற்றி ஒரு கையில் வைத்திருந்தார். மறு கையில் ஒரு முழம் நீளக் கயிறு. அழைப்பு மணி இருந்தும் அதை அழுத்தாமல் உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தெற்கு ஸ்பெயினின் இந்த மலைக் கிராமத்துக்கு நான் வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இவ்வளவு காலையில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டி நான் பார்த்ததில்லை. ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்தேன். சாவுதான். செத்தது ஓர் ஆடு. அதற்குக் காரணம் நான்.

நான் பாரிவாக்கத்துக்காரி. பூந்தமல்லியில் படித்து, ஒரு தமிழ் நாளிதழின் புறநகர்ப் பக்கத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஆவடியில் கால்வாய் உடைந்தால், கொரட்டூர் ஏரியில் மீன் செத்து மிதந்தால், திருநின்றவூரில் ரயில் தாமதமானால் எழுதுவது என் வேலை. உதவித்தொகை கிடைத்து ஊடகவியல் மேற்படிப்புக்காக இங்கே வந்தேன். கிரனாடா நகரில் அறை கிடைக்கவில்லை. பல்கலைக்கழகம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்க ஏற்பாடு செய்தது. வீட்டம்மாவின் பெயர் பிலார். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் மனோலோ அதிகம் பேசமாட்டார். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி என் பக்கம் தள்ளுவார், அதுதான் காலை வணக்கம். பகலில் வகுப்பு, மாலையில் பிலாரின் சமையலறையில் ஸ்பானிய மொழி, ஞாயிற்றுக்கிழமை நடை.

அந்த நடைக்கு இங்கே செண்டெரிஸ்மோ என்று பெயர். சிகரம் ஏற வேண்டியதில்லை. மலைப் பாதைகளில் நாலைந்து மணி நேரம் நடந்து, எங்காவது உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. கிராமத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு கைகளிலும் கோல் பிடித்துக்கொண்டு வருவார்கள். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிலார்தான் குழுவை நடத்துகிறார். என் அம்மாவுக்கும் அதே வயது. சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முட்டி வலியோடு, வாரத்தில் ஆறு நாள் நடக்கிறார். அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள், ஞாயிறு, நான் குழுவில் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். காரணம், தம்பி தினேஷின் அழைப்பு. சரிவில் ஓரிடத்தில்தான் சிக்னல் கிடைத்தது. நின்றுவிட்டேன்.

"யக்கா, இன்னா பண்ணிகினு கீற?"

"மல ஏறிகினு கீறேன்டா."

"நீ மல ஏறு. இங்க அம்மாவால மெயின் ரோட்டுக்கே போவ முடில. கேட்ட பூட்டிட்டானுங்க."

என்ன கேட் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவின் முடிவிலிருந்து மெயின் ரோடுவரை ஒரு வண்டிப்பாதை உண்டு. அம்மா இளவயதில் கூலிக்கு நாற்று நட்ட வயல்களுக்கு நடுவே போன பாதை. வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடியாகி, இப்போது பாதையின் இரு பக்கமும் ஒரே குடியிருப்பு. பாதை மட்டும் பாதையாகவே இருந்தது. அம்மா வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் ஏழு இருபது வேன் அது, யாருக்காகவும் காத்திருக்காது. விட்டால் அரை நாள் ஆப்சென்ட். மூன்று தடவை விட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். பாதை வழியாகப் போனால் ஆறு நிமிடம். இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றி, ஒயின்ஷாப்பைத் தாண்டி, அரை மணி நேரம். அம்மாவின் முட்டி அந்த அரை மணி நேரத்தை எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் எங்கள் வீட்டின் கேள்வி. மூன்று வாரங்களுக்கு முன் குடியிருப்புச் சங்கம் பாதையின் இரு முனையிலும் கேட் வைத்தது. முதலில் திறந்து வைத்திருந்தார்கள். பிறகு செக்யூரிட்டி வந்தார். முந்தின நாள், சனிக்கிழமை, பூட்டும் ரிஜிஸ்டரும் வந்துவிட்டன.

"பேரு எழுதணுமாம், எந்த ஃப்ளாட்டு எழுதணுமாம், யாரப் பாக்க வந்தேன்னு எழுதணுமாம்" என்றான் தினேஷ். "அம்மா 'யாரயும் பாக்க வர்ல, வேனப் பாக்கப் போறேன்'னுது. அதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இல்லியாம்."

சிக்னல் போய்விட்டது. குழு மேலே வளைவில் மறைந்திருந்தது. கொதித்துக்கொண்டே வேகமாக நடந்தேன். வழியில் ஓர் இரும்பு கேட் விரியத் திறந்து கிடந்தது. அடித்து மூடாமல் இருக்க ஒரு கயிற்றால் பக்கத்து மரத்தில் கட்டியிருந்தார்கள். முன்னே போனவர்கள் கடந்துபோகக் கட்டிவிட்டு, மூட மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பக்கத்தில் திறந்த கேட் என்பது ஒரு குற்றம். மாடு உள்ளே நுழைந்துவிடும், நாய் படுத்துக்கொள்ளும், கோலத்தை மிதிக்கும், தொட்டிச் செடியைத் தின்னும். எந்த வீட்டுக்குப் போனாலும் 'கேட்டச் சாத்திட்டு வாம்மா' என்பதுதான் முதல் வரவேற்பு. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய கை, யோசிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்தேன், கேட்டைச் சாத்தினேன், கொண்டியை மாட்டினேன், கயிற்றைச் சுருட்டி ஒரு கல்லின்மேல் ஒழுங்காக வைத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைப்பு. இறங்கும்போது வேறு வழியாக வந்தோம்.

கேட்டுக்கு மேலே ரமோன் என்பவரின் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. கேட்டுக்குக் கீழே அவற்றின் தண்ணீர்த் தொட்டி. அன்று ரமோனின் பேத்திக்குத் தேவாலயத்தில் முதல் நற்கருணை விழா. அன்றைக்கு மட்டும் மந்தையைத் தனியே விட்டு, ஆடுகள் தாமாக இறங்கித் தண்ணீர் குடிக்கட்டும் என்று கேட்டைத் திறந்து கட்டிவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போயிருந்தார். மே மாதக் கடைசி, நல்ல வெயில். ஓர் ஆடு தாகம் பொறுக்காமல் கம்பி வேலியில் பாய்ந்து முன்னங்கால் எலும்பு முறிந்து கிடந்தது. மறுநாள் விடியலில் வந்து பார்த்தவர் அதை அறுக்க வேண்டியதாயிற்று. பிறகு கல்லின்மேல் சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பார்த்திருக்கிறார். நேராகப் பிலார் வீட்டுக்கு வந்துவிட்டார்.

நான் படியிறங்கியபோது குரல்கள் உச்சத்தில் இருந்தன. ரமோன் பேசும் ஸ்பானிய மொழியில் சொற்களின் வால் உதிர்ந்துவிடும். எங்கள் ஊரில் 'வீடு' தலையை இழந்து 'ஊடு' ஆவது மாதிரி. அதனாலோ என்னவோ, வகுப்பு ஆசிரியரைவிட அவர் பேச்சு எனக்கு நன்றாகப் புரிந்தது.

"நாற்பது வருஷமா இந்தப் பாதையில ஆள் நடக்குது. ஒருத்தரும் என் கேட்டத் தொட்டதில்ல. யார் செஞ்சது?"

பிலார் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "இந்தப் பொண்ணாத்தான் இருக்கும், ரமோன். கடைசியா வந்தவ இவதான். போப்ரெசீத்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவ நாட்டுல வேலி, கேட் எல்லாம் கிடையாது."

போப்ரெசீத்தா என்றால் பாவப்பட்ட சின்னப் பெண். எனக்கு முப்பத்தொரு வயது. பிலார் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். அது எனக்குத் தெரியும். இருந்தும் காது மடல்வரை சூடேறியது. என் நாட்டில் கேட் கிடையாதா? கேட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது? பள்ளிக்குக் கேட், பூங்காவுக்குக் கேட், ஏரிக்குக் கேட், இப்போது அம்மா நடக்கும் பாதைக்கும் கேட். இங்கே எட்டு மாதங்களாக இதைத்தான் பார்க்கிறேன். தவறு செய்தால்கூட அது என் தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தெரியாதவள், புரியாதவள், தூரத்திலிருந்து வந்தவள். இந்தியர் எல்லோருக்கும் இங்கே 'இந்து' என்றுதான் பெயர். ரமோனுக்கு நான் பிலார் வீட்டு இந்து. அன்பாகப் பேசியே ஓர் ஆளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியும்.

"எங்க நாட்டுல கேட் நிறைய இருக்கு" என்றேன், எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில். "நான்தான் சாத்தினேன். நல்லதுன்னு நெனச்சு சாத்தினேன். தப்பு என்னோடது."

ரமோன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கத்த ஆரம்பித்தார். பிலாரிடம் அல்ல, என்னிடம். முழுதாக ஐந்து நிமிடம். அந்த வீட்டில் யாரும் என்னோடு அத்தனை வேகமாகப் பேசியதில்லை. எனக்காக மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலத்தான் பேசுவார்கள். திட்டியதில் பாதி புரியவில்லை. ஆனால் ஆளைப் பார்த்துத் திட்டினார். மனோலோ உள்ளே போய் காபி போட்டு வந்து அவர் முன்னால் வைத்தார். ரமோன் திட்டிக்கொண்டே குடித்தார்.

வகுப்பை விட்டுவிட்டு அவரோடு மேலே போனேன். அவர் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட் மறுபடி திறந்து மரத்தோடு கட்டப்பட்டிருந்தது, புதுக் கயிற்றால். வேலிக் கம்பியில் ரோமம் ஒட்டியிருந்தது. கீழே ரத்தம் காய்ந்த மண். ஏன் சாத்தினாய் என்று கேட்டார். மாடு, நாய், கோலம், தொட்டிச் செடி எல்லாம் சொன்னேன். கோலத்துக்கு ஸ்பானிய மொழியில் என்ன சொல்வது என்று தெரியாமல் தரையில் குச்சியால் புள்ளி வைத்துக் காட்டினேன்.

"வீட்டுக்கு வெளியே போட்டுட்டு, மிதிக்கக்கூடாதுங்கிறீங்களா?"

"ஆமா."

"அப்ப உள்ள போட வேண்டியதுதானே?"



இனி இந்தக் கேட்டைப் பூட்டிவிடுவீர்களா என்று கேட்டேன். பிலார் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். விடியலிலிருந்தே அந்த எண்ணம்தான் என்றார் ரமோன். நிலம் அவருடையது. வேலி அவருடையது. கேட்டும் அவர் வாங்கிப் போட்டது. "ஆனா முடியாது. இது கமீனோ." கமீனோ என்றால் வழி. ஊர் நடக்கும் வழி குறுக்கே போனால் நிலம் யாருடையதாக இருந்தாலும் அதைப் பூட்ட முடியாது. ஆட்டை இழந்து, கண் சிவந்து, என்னை மென்று தின்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதர், சலிப்போடுதான் இதைச் சொன்னார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மழை வந்தால் நனைவோம் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

ஸ்பெயினை நான் சொர்க்கமாக்கவில்லை. பெரிய பண்ணைக்காரர்கள் கமீனோவை வளைத்துக்கொண்ட கதைகள் இங்கேயும் உண்டு; பிலாரின் குழுவே அப்படி ஒரு பாதையில் வருடத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே நடக்கிறது, நடந்தால்தான் பாதை என்று. வெளிநாட்டவர் அட்டைக்கு ரேகை வைக்க நான் நின்ற வரிசையைப் பற்றித் தனியாக எழுதலாம். என் ஆத்திரம் வேறு. ஆட்டைப் பறிகொடுத்தவர் பூட்ட முடியாது என்கிறார். பாரிவாக்கத்தில் எதையும் பறிகொடுக்காதவர்கள், ஒரு வாட்ஸ்அப் அறிவிப்பில் பூட்டிவிட்டார்கள். கத்துவதற்குக்கூட அங்கே ஆள் இல்லை. செக்யூரிட்டியிடம் கத்தினால் அவர் சங்கத்தைக் காட்டுகிறார், சங்கம் பில்டரைக் காட்டுகிறது, பில்டரின் எண் உபயோகத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்தக் குடியிருப்பு விற்பனைக்கு வந்தபோது எங்கள் நாளிதழில் விளம்பரச் சிறப்புப் பக்கம் வெளியானது. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது நான். 'ஏரிக் காற்று. மெயின் ரோட்டுக்கு ஆறு நிமிட நடை.' அந்த ஆறு நிமிடம் அம்மாவின் பாதைதான். அதைக் காட்டித்தான் விற்றார்கள். நான் ஒற்றுப் பிழை மட்டும் திருத்தினேன். இப்போது வேலையில் இருந்திருந்தால், 'பாதை அடைப்பு: பொதுமக்கள் அவதி' என்று நாலு வரி எழுதியிருப்பேன். அடைத்தது யார் என்று அந்த நாலு வரியில் வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை சங்கச் செயலாளரின் எண்ணைத் தினேஷ் கண்டுபிடித்து அனுப்பினான். "நீ பேசுக்கா. நான் பேசினா அடிதடியாப் பூடும். அங்க ஆட்டுக்குப் பஞ்சாயத்து பண்ணிகினு கீறல்ல, அப்டியே அம்மாவுக்கும் பண்ணு" என்றான்.

செயலாளர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர், வெளியூரிலிருந்து வந்து ஃப்ளாட் வாங்கியவர். குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. "சொல்லுங்க மேடம்" என்றார். அது வண்டிப்பாதை, கிராம வரைபடத்தில் இருக்கிறது, பூட்ட முடியாது என்றேன்.

"அதெல்லாம் பில்டர் பாத்துட்டுத்தான் மேடம் கட்டியிருக்காங்க. எங்க பசங்க சைக்கிள் ஓட்டற எடம். யார் யாரோ வர்றாங்க, போறாங்க."

"யார் யாரோ இல்ல சார். எங்க தெரு. உங்க பில்டிங் வர்றதுக்கு முன்னாடியே அங்க நடக்கறவங்க."

"நீங்க எங்கேருந்து பேசறீங்க மேடம்? நம்பர் வேற மாதிரி இருக்கு."

"ஸ்பெயின்."

அங்கே குரல் மாறியது. "ஓ! நாங்ககூட பார்சிலோனா பிளான் பண்ணிட்டிருக்கோம். அங்க ட்ரெக்கிங் எல்லாம் சூப்பரா இருக்குமாமே? எங்க வேணா நடக்கலாமாமே?"

"எங்க அம்மா நடக்கறதப் பத்திச் சொல்லுங்க சார்" என்றேன்.

"உங்க மதருக்கு மட்டும் நான் பண்ணித் தர்றேன் மேடம். கார்டு கொடுத்துடறேன். காலைல காட்டினா போதும். சாயந்தரம் மட்டும் ஆப்ல அப்ரூவல் வேணும். அப்ரூவ் பண்ண ரெசிடென்ட் யாரும் இல்லாததால உங்க நம்பரையே போட்டுடறேன்."

மறுத்திருக்க வேண்டும். அந்த வாரம் அம்மா ஏற்கெனவே இரண்டு முறை வேனை விட்டிருந்தார். சரி என்றேன். நன்றி என்றும் சொன்னேன். முந்தின நாள் காலை ரமோனின் முகத்துக்கு நேரே நின்று வந்த வார்த்தைகள், என் சொந்த மொழியில் வரவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு மதிய உணவில் இருந்தோம். இங்கே அதுதான் சாப்பாட்டு நேரம். ஊரில் மாலை ஆறரை. மனோலோ தட்டில் பருப்பும் சோரிசோ தொத்திறைச்சியும் போட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. புதிதாக ஏற்றிய செயலி. 'உங்கள் விருந்தினர் கேட்டில் காத்திருக்கிறார். பெயர்: சரோஜா.' கீழே இரண்டு பொத்தான்கள், பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. கூடவே கேட் கேமராவில் எடுத்த படம். அம்மா நெற்றியைச் சுருக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் தேவி அக்காவும், அதே வேனில் வரும் எங்கள் தெருப் பெண்கள் இருவரும்.

"யாரு?" என்றார் பிலார்.

"அம்மா."

"அழகா இருக்காங்க. எங்கே நிக்கறாங்க?"

என் விருந்தாளியாக என் தெருவின் கேட்டில் நிற்கிறார் என்று சொல்ல எனக்கு இலக்கணம் எல்லாம் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும் என்றுதான் தெரியவில்லை. "வீட்டுக்குப் போற வழியில" என்றேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, அம்மா நாற்று நட்ட இடத்தில் அம்மா நடந்துபோக நான் அனுமதி கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மாவே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"இன்னாமா, கேட் தொறந்தாங்களா?"

"தொறந்தான். 'நீ மட்டும் போ யக்கா, இவங்களுக்கு எண்ட்ரி இல்ல'ன்னான். தேவி என் மூஞ்சியப் பாக்கறா. அவளும் நானும் ஒண்ணா கள பறிச்ச எடம்டி அது. எனக்கு மட்டும் தொறந்தா நான் எப்டிப் போவேன்? நீ இன்னா வெளிநாட்டுல கீற, அதுக்கு எனுக்கு ராஜபாட்டையா?"

"முட்டி வலிக்குமேம்மா."

"வலிக்குது. அதுக்கு இன்னா பண்ண? அந்த அட்டைய அவன் டேபிள்மேலயே வச்சிட்டு வந்துட்டேன். 'யக்கா, எட்த்துகினு போ, சார் திட்டுவாரு'ன்னான். 'உங்க சாரயே அதுல நடக்கச் சொல்லு'ன்னுட்டு, நாலு பேரும் ஏரிக்கரையச் சுத்திகினு வந்துட்டோம்."

"நான் மனு போடறேம்மா."

"போடு. எங்க நாலு பேரு பேரயும் போடு. உன் பேரப் போடாத, நீ இங்க நடக்கறவ இல்ல."

அம்மா சொன்னபடியே எழுதினேன். நான்கு பெயர்கள், கிராம வரைபடத்தின் நகல், அடைத்தவர்கள் யார் என்று சங்கத்தின் முழுப் பெயரோடு. தினேஷ் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிப் படம் அனுப்பியிருக்கிறான். பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு பிலாரின் குழு அதே மலைப் பாதையில் போனது. நானும் போனேன். ரமோன் சரிவில் உட்கார்ந்திருந்தார். கையை உயர்த்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் அவருடைய நிலத்தின் வழியே நடந்து போனோம்.

அம்மாவும் தேவி அக்காவும் மற்ற இருவரும் இப்போது ஏழு இருபது வேனுக்குக் காலை ஆறு ஐம்பதுக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள்.